பழைய ஸ்டீல் கிட்டார் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

மடியில் வைத்து வாசிக்கும் பழைய ஸ்டீல் கிட்டாரில் மின் பாகங்கள் என்று பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் காயிலும்), வால்யூம், டோன், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக். நடுவே நாலைந்து வயர். 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் ‘ஃப்ரையிங் பான்’ ஆகட்டும், ஐம்பதுகளின் ஃபெண்டர், சுப்ரோ ஆகட்டும், கல்கத்தாவில் செய்து நம் மெல்லிசைக் குழுக்கள் வரை வந்து சேர்ந்த ஹவாயன் கிட்டார் ஆகட்டும், உள்ளே இருப்பது இவ்வளவுதான். அதனால் பழுதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கண்டுபிடிப்பதற்கு முன்பே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பிக்கப்பைக் கழற்றுவதுதான் ஆபத்து. என்னிடம் வந்தவற்றில் நிஜமாகவே காயில் போனவை கொஞ்சம். யாரோ திறந்து பார்த்ததில் போனவை அதைவிட அதிகம்.

தேவையானவை: ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், நல்லது என்று தெரிந்த ஒரு கேபிள், காண்டாக்ட் கிளீனர், 40 வாட் சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி. ஈயம் 60/40, உள்ளே ரோசின் உள்ளதாக இருக்கட்டும். பாத்திரத்துக்குப் பற்றவைக்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். அது ஒரு மழைக்காலத்தில் காயில் கம்பியைத் தின்றுவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வால்யூம் பெடல், எஃபெக்ட் எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு, கிட்டாரை நல்ல கேபிளில் நேராக ஆம்பில் செருகுங்கள். அப்புறம் அதே கேபிளில் வேறொரு கிட்டார். இந்த இரண்டு நிமிட வேலையில் பாதிப் பேருடைய கிட்டார் ‘சரியாகிவிடும்’.

## கம்பியைத் தொட்டால் சுள்ளென்கிறது

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மற்ற கிட்டார்காரரைவிட ஸ்டீல் கிட்டார்காரருக்கு ஷாக் அபாயம் அதிகம். இடது கையில் இரும்புப் பார், வலது கை விரல்களில் உலோகப் பிக், இரண்டும் கம்பியின் மேலேயே இருக்கின்றன. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் சேஸிஸோடு, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு, சேர்ந்திருக்கின்றன. சேஸிஸில் மின்சாரம் இருந்தால் அது நேராக உங்கள் இரண்டு கைக்கும் வரும்.

பழுது கிட்டாரில் இல்லை, ஆம்பில். கிட்டாருக்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு எதுவும் உற்பத்தியாவதில்லை.

சோதனை: மீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை கம்பியில், மறு முனை நல்ல எர்த் உள்ள ஒரு உலோகத்தில். கையால் எதையும் தொடாதீர்கள். ஓரிரு வோல்ட் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் எவ்வளவு காட்டினாலும் வாசிப்பை நிறுத்திவிட்டு ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்.

எளிய காரணம், சுவர் பிளக்கில் எர்த் இல்லாதது. அடுத்தது, பழைய அமெரிக்க ஆம்பின் இரண்டு பின் வயர். அதில் மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது லீக் ஆனால் சேஸிஸ் உயிர் பெற்றுவிடும். நம் 230 வோல்ட்டை 117-க்கு இறக்க வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் ஆட்டோ வகையாக இருந்தால் அது உங்களைத் தனிமைப்படுத்தாது. வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும். எல்லாவற்றையும்விட மோசம், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத சின்ன மாணவர் ஆம்ப்கள். நாற்பது, ஐம்பதுகளில் மலிவான ஸ்டீல் கிட்டாரோடு செட்டாகக் கொடுத்தவை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் நேராக லைனில் நிற்கும்.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது சுவர் எர்த்தைச் சரிபார்ப்பது மட்டும். மற்றதெல்லாம் வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

## சத்தமே இல்லை

கேபிளும் ஆம்பும் நல்லவை என்று உறுதியான பிறகு இங்கே வாருங்கள். கிட்டாரைத் திறக்காமலே பாதி விடை கிடைத்துவிடும். கேபிளின் ஒரு முனையை கிட்டாரில் செருகுங்கள். மறு முனையை ஆம்பில் செருகாமல் மேசையில் வைத்து, பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மீட்டரின் இரு முனைகளை வையுங்கள். ஓம் அளவீடு, 2000 கிலோ ஓம் வரை. கம்பிகளை அசைக்காதீர்கள், அசைந்தால் எண் குதிக்கும். பிறகு வால்யூமை முழுவதும் திறந்து ஒரு அளவு, பாதியில் ஒரு அளவு, மூடி ஒரு அளவு எடுத்து மூன்றையும் எழுதி வையுங்கள்.

### திறந்தால் 4 முதல் 10 கிலோ ஓம், மூடினால் பூஜ்யம்

காயில் நலம். 7 கிலோ ஓம் காயிலும் 250 கிலோ ஓம் வால்யூமும் பக்கவாட்டில் சேர்ந்து 6.8 காட்டும், அது பழுதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, குதிரைலாட வடிவக் காந்தம் வைத்த பிக்கப்களில் கம்பி தடிமன் என்பதால் 4-க்கும் கீழே இருக்கலாம். வெயில் காலத்தில் எண் கொஞ்சம் ஏறும். செம்பின் தடை பத்து டிகிரிக்கு சுமார் 4 சதவீதம் கூடுகிறது. சத்தம் மட்டும் வரவில்லை என்றால் ஆம்பின் இன்புட் ஜாக்கை இன்னொரு முறை பாருங்கள். வாக்குமூலம் ஒன்று: நானே ஒரு மாலை முழுக்க இந்த இடத்தில் தோற்றிருக்கிறேன்.

### எந்த நிலையிலும் எண்ணே வரவில்லை

வால்யூம் மூடியிருக்கும்போது நுனியும் உடம்பும் கன்ட்ரோல் வழியாகவே சேர்ந்துவிட வேண்டும். அப்போதும் மீட்டர் எதையும் காட்டவில்லை என்றால் பழுது ஜாக்குக்கும் வால்யூமுக்கும் நடுவில் இருக்கிறது. மலிவான காரணம், ஜாக்கின் நாக்கு தளர்ந்து பிளக் நுனியைத் தொடாதது. அதை விரலால் மெல்ல உள்ளே வளைத்தால் போதும். அடுத்தது ஜாக் சுழன்று சுழன்று அறுந்த வயர். வெளியே நட்டு தளர்ந்திருக்கும்போது அதை மட்டும் முறுக்கினால் ஜாக் முழுவதும் கூடவே சுற்றி, உள்ளே வயரை முறுக்கி அறுக்கும். பின்னாலிருந்து பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்க வேண்டும். சில பழைய கருவிகளில் கால் அங்குல ஜாக்குக்குப் பதில் மைக் போலத் திருகும் இணைப்பு இருக்கும். அதற்குப் பொருத்தமான கேபிள் செய்துகொள்ளுங்கள். புது ஜாக் போட உடம்பைத் துளைக்காதீர்கள்.

### எல்லா நிலையிலும் பூஜ்யம்

ஜாக் பக்கம் ஷார்ட். பழைய துணி உறை வயர் பொடிந்து, ஷீல்டின் பின்னல் இழை ஒன்று நடு வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பூதக்கண்ணாடியில் தெரியும். பொடிந்த வயரை அசைக்காமல் நடுவில் ஒரு காகிதத் துண்டைச் செருகி மறுபடி அளந்தால் உறுதியாகிவிடும்.

### திறந்தால் பூஜ்யம், பாதியில் பத்து இருபது கிலோ ஓமாவது ஏறுகிறது, மூடினால் மறுபடி பூஜ்யம்

ஷார்ட் பிக்கப் பக்கம். பிக்கப் வயர் உலோகத் தட்டில் நசுங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். கடைசியாக யார் திறந்தது என்று கேளுங்கள்.

### திறந்தால் 200, 250, அல்லது 500 கிலோ ஓம் அளவு

நீங்கள் பார்ப்பது வால்யூம் கன்ட்ரோலின் எண்ணை. காயில் தொடர்பில் இல்லை. ‘காயில் 250 இருக்கிறதே, நல்ல பவர் பிக்கப்’ என்று சந்தோஷமாக ஒருவர் ஒரு சுப்ரோவைக் கொண்டுவந்திருந்தார்.

இந்த இடத்தில் மட்டும்தான் பிக்கப்பைப் பார்க்கப் போக வேண்டும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது காயிலை இல்லை, காயிலிலிருந்து வரும் வயர் கன்ட்ரோலில் சேரும் இடத்தை. ஈயம் மங்கலாக, சுற்றிலும் ஒரு மெல்லிய வளையக் கோடோடு இருந்தால் அது பிடிக்காத பற்று. சூடு காட்டிக் கொஞ்சம் புது ஈயம் விடுங்கள். அந்தச் சுப்ரோவில் பழுது அங்கே இல்லை. பிக்கப்புக்குள், தலைமுடியைவிட மெல்லிய காயில் கம்பி தடித்த வயரோடு சேரும் இடத்தில், பாசி மாதிரி ஒரு பச்சைப் புள்ளி. வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து செம்பைத் தின்ற இடம். வெளிப்புற முனையாக இருந்ததால் ஒரே ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, மறுபடி பற்றவைத்தேன். மீட்டரில் 6.2. காயிலை மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

பச்சை உள்முனையில், காயிலுக்கு அடியில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில்.

எச்சரிக்கை இரண்டு. கம்பிகள் பிக்கப்பின் ஊடாகப் போகும் கருவிகளில், கம்பிகளை முழுவதும் கழற்றாமல் பிக்கப்பைத் தூக்க முடியாது. முயன்றால் காயில்தான் அறுபடும். இரண்டாவது, சுப்ரோ போன்றவற்றின் முத்துப்போல் மின்னும் உறை செல்லுலாய்ட். அமெரிக்க வாசிப்பாளர்கள் அதைக் கிண்டலாகக் கழிவறை மூடியோடு ஒப்பிடுவார்கள். கிண்டல் இருக்கட்டும், அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். சால்டரிங் அயர்னை அதற்கு மேலே நீட்டிப் பிடிக்காதீர்கள், ஈரத்துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

## விட்டு விட்டு வருகிறது

வாசித்துக்கொண்டே கேபிளை ஆட்டுங்கள். பிறகு கிட்டார் பக்கம் பிளக்கைச் சுழற்றுங்கள். பிறகு வால்யூம் குமிழைப் பக்கவாட்டில் அழுத்துங்கள். எங்கே சத்தம் அறுகிறதோ அங்கேதான் பழுது. இந்த வரிசையிலேயே செலவும் ஏறும்.

இரண்டு, மூன்று கழுத்துள்ள ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர் மாதிரி கருவிகளில் கழுத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வருஷம் ஒரே நிலையில் கிடந்த சுவிட்ச் கறுத்துப்போயிருக்கும். கிளீனர் விட்டு இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரி.

எதை ஆட்டினாலும் மாற்றமில்லை, காலையில் ஊமை, மதியம் பாடுகிறது என்றால் காயிலுக்குள் முறிவு. சூட்டில் விரிந்து தொடும், குளிர்ந்தால் விலகும். கிட்டாரை மீட்டரில் மாட்டிவைத்துவிட்டு மதியமும் இரவும் எண்ணைப் பாருங்கள். சில சதவீத மாற்றம் இயல்பு. காணாமல் போய்த் திரும்பி வருவது இயல்பு இல்லை.

## உறுமல்

பழைய ஸ்டீல் கிட்டார் பிக்கப்களில் பெரும்பாலானவை ஒற்றைக் காயில். உறுமல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கேள்வி எந்த வகை உறுமல் என்பது.

### உட்கார்ந்த இடத்தில் திரும்பினால் கூடிக் குறைகிறது

பழுது இல்லை. பக்கத்தில் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரோ, ஸ்டெபிலைசரோ, பழைய ட்யூப் லைட் சோக்கோ இருக்கிறது. ஆம்பிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்து, நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டே அமைதியான கோணத்தைப் பிடியுங்கள்.

### கம்பியைத் தொட்டால் நிற்கிறது, கையை எடுத்தால் வருகிறது

இதுவும் பெரும்பாலும் இயல்புதான். உங்கள் உடம்பு ஏரியல் மாதிரி வாங்கும் இரைச்சல், கம்பியைத் தொட்டவுடன் எர்த்துக்குப் போய்விடுகிறது. ஸ்டீல் கிட்டாரில் பாருக்குப் பின்னால் விரல்கள் எப்போதும் கம்பியில் கிடப்பதால் வாசிக்கும்போது தெரியாது. பாரைத் தூக்கி வைத்தவுடன் உர்ரென்று கேட்டு, ‘ஏதோ கெட்டுப்போச்சு’ என்று நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள். பாட்டு முடிந்ததும் வால்யூமை மூடப் பழகிக்கொண்டால் போதும்.

### தொட்டால் கூடுகிறது, அல்லது தொட்டாலும் மாறவில்லை

கம்பிக்கு எர்த் இல்லை. மீட்டரின் ஒரு முனை பிரிட்ஜ் அருகே கம்பியில், மறு முனை கேபிள் பிளக்கின் உடம்பில். இரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் ஒற்றை வயர் துருவில் பிடி விட்டிருக்கும். பிரிட்ஜைத் தளர்த்தி, வயர் நுனியையும் உலோகம் படும் இடத்தையும் மட்டும் நைஸ் உப்புத்தாளில் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். முலாம் வெளியே தெரியும் பக்கத்தைத் தேய்க்காதீர்கள்.

ஃப்ரையிங் பான் மாதிரி வார்ப்பு அலுமினிய உடம்பில் கருவி முழுவதுமே எர்த். அங்கே இந்தப் பிரச்னை குறைவு. பேக்கலைட்டிலும் மரத்திலும் அந்த ஒரு வயரை நம்பித்தான் எல்லாம்.

பிரிட்ஜ் வயர் அறாமல் பிடியோடு இருந்தும் தொட்டால் கூடுகிறதென்றால், ஜாக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. எப்போதோ யாரோ ஜாக் மாற்றியபோது நடந்தது. இடம் மாற்றினால் தீர்ந்தது. உறுமல் தொடாமலும் திருப்பாமலும் ஒரே சீராக, வால்யூமை மூடிய பின்னும் வந்தால் அது கிட்டாருடையதே இல்லை; ஆம்பின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது, மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

## கரகரப்பு

வால்யூமைத் திருகும்போது மட்டும் என்றால் உள்ளே தூசி. கன்ட்ரோலின் வாய் இடுக்கில் கிளீனரை ஒரு பீய்ச்சு, அப்புறம் முழுவீச்சில் ஐம்பது முறை இப்படியும் அப்படியும். தையல் மெஷின் எண்ணெய், துரு விடுவிக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டுத் தூசியை இழுத்துப் பசையாக்கும்.

வால்யூம் பெடல் வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெடலை. கிட்டார் கன்ட்ரோலை ஒரு பாட்டுக்கு இரண்டு முறை திருகுவோம், பெடல் ஒவ்வொரு வரியிலும் ஏறி இறங்குகிறது.

கிளீனருக்கு மசியாமல், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சத்தம் அறுகிறதென்றால் உள்ளே கரிப்பாதை தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும். ரிச்சி தெருவில் மதிப்பு ஒத்த கன்ட்ரோல் கிடைத்துவிடும், தண்டின் நீளமும் குமிழின் துளையும்தான் ஒத்துவராது. பழைய குமிழைக் கையோடு கொண்டுபோங்கள். கழற்றிய பழையதை எறியாதீர்கள். அதன் முதுகில் பதித்த எண் கருவியின் வயதுக்கு ஒரே சாட்சியாக இருக்கலாம். 304634 என்றால் 304 ஸ்டாக்போல் தயாரிப்பு, 6 என்பது 1956, 34 என்பது அந்த வருஷத்தின் 34-வது வாரம். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ். வருஷத்துக்கு ஒரே இலக்கம் இருந்தால் 1946-ஆ 56-ஆ என்று கருவியின் மற்ற அடையாளங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## சத்தம் வருகிறது, ஆனால் சரியில்லை

### மெலிந்து, தகர டப்பா மாதிரி

வால்யூம் திறந்த நிலையில் ஓம் பாருங்கள். கன்ட்ரோலின் எண் வந்தால் காயில் அறுந்திருக்கிறது. அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடாமலே மேல் ஸ்வரங்களை மட்டும் கொஞ்சம் கசியவிடும். ‘சத்தமே இல்லை’ பகுதிக்குப் போங்கள். ஓம் சரியாக இருந்து, சத்தம் மட்டும் ஒட்டுமொத்தமாகக் குறைந்திருந்தால் காந்தம் களைத்திருக்கலாம். பழைய குதிரைலாடக் காந்தங்களில் நடப்பதுதான். மறுபடி காந்தமேற்றுவது நிபுணர் வேலை. கழற்ற வேண்டி வந்தால் எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று பென்சிலில் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். மாற்றிப் போட்டால் சத்தம் இன்னும் மோசமாகும்.

### தடித்த கம்பிகள் மட்டும் மந்தம்

பழுதைத் தேடுவதற்கு முன் கம்பிகளின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக, செம்பு சாயலில் இருந்தால் அவை அகௌஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலச் சுற்று. காந்தம் வெண்கலத்தைக் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு நடுக்கம்பியை மட்டும் பார்க்கும். சுற்றில்லாத மெல்லிய கம்பிகள் இரண்டும் கணீரென்று, மற்ற நான்கும் கிணற்றுக்குள்ளிருந்து. கடையில் ‘கிட்டார் கம்பி’ என்று மட்டும் கேட்டால் இதைத்தான் எடுத்துக்கொடுப்பார்கள். நிக்கல் அல்லது எஃகுச் சுற்று என்று கேட்டு வாங்குங்கள். பிக்கப் மாற்றக் கிளம்பிய ஒரு பெரியவரின் செலவு இப்படி ஒரு செட் கம்பியோடு முடிந்தது.

### போர்வை போர்த்தின மாதிரி

டோன் முழுவதும் திறந்தும் மேல் சத்தம் இல்லை. முதலில் கேபிள் நீளம். நாற்பதடி கேபிள் மேல் ஸ்வரங்களைத் தின்றுவிடும். அடுத்து டோன் கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் கழற்றிப் பாருங்கள். பளிச்சென்று திரும்பினால் டோன் கன்ட்ரோல் ஷார்ட். கெப்பாசிட்டரில் 0.02 முதல் 0.05 மைக்ரோஃபாரட் வரை ஏதாவது இருக்கும். அதை மாற்ற நேர்ந்தால் பழையதில் அச்சிட்ட மதிப்பையே போடுங்கள். மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டர் லீக் ஆகிறது என்பதற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை. ஆம்பில் அந்த லீக் வால்வைக் கொல்லும். கிட்டாரில் அந்த இடத்தில் டிசி வோல்ட்டே கிடையாது.

### சத்தம் கூட்டினால் கீச்சென்று அலறுகிறது

பிக்கப்பின் மேல் நகத்தால் தட்டுங்கள். மைக்கில் தட்டின மாதிரி டொக்கென்று பெரிதாகக் கேட்டால் காயில் சுற்றுகளோ மூடியோ தளர்ந்து அதிர்கின்றன. முதலில் திருகுகளை இறுக்குங்கள், மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய துணித்துண்டு வையுங்கள். பலருக்கு அத்தோடு நின்றுவிடும். வீட்டில் மெழுகை உருக்கி முக்குவது என்ற யோசனை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். காயில் சுற்றியிருக்கும் பழைய பாபின்கள் அந்தச் சூட்டிலேயே வளைந்துவிடும், வளைந்தால் காயிலும் போச்சு.

## காயில் போய்விட்டது என்று முடிவானால்

உள்முனை அறுந்ததும், வயரில் பழுதில்லாமல் மீட்டர் வழக்கத்தைவிட மிகக் குறைவாகக் காட்டுவதும் மறுசுற்றல் கேஸ். ஃபேன் காயில் கட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். அவர் கைத்திறனில் குறையில்லை; அவரிடம் உள்ள கம்பி தடிமன், பிக்கப்புக்கு வேண்டியது 0.06 மில்லிமீட்டர் அளவில், ஆயிரக்கணக்கான சுற்று. அப்படிக் கட்டிவந்த ஒரு பாபின் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, மீட்டரில் 90 ஓம். வாசித்தால் பக்கத்து அறை ரேடியோ மாதிரி கேட்கும்.

கிட்டார் பிக்கப்பையே சுற்றும் ஆளிடம் போங்கள், கையில் ஒரு காகிதத்தோடு: கம்பியின் தடிமன், அறுவதற்கு முன் அளந்த ஓம் இருந்தால் அது, சுற்றின் திசை, காந்தம் நின்ற விதம், திறக்கும் முன் எடுத்த போட்டோக்கள். பாபினையும் காந்தத்தையும் மாற்றக்கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வெட்டி எடுக்கும் பழைய கம்பியை ஒரு கவரில் போட்டுத் தரச் சொல்லிக் கேஸுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இருபது வருஷம் கழித்துத் திறப்பவர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்க அது ஒன்றுதான் மிச்சம் இருக்கும்.